மாநாடு மூன்று நாள், ஊர் சுற்றல் நான்கு நாள்

2023 நவம்பரில் கியோட்டோவில் மூன்று நாள் மாநாடு. கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வந்த அன்றே என் மனசு ஹிரோஷிமா வரை போய்விட்டது. அவ்வளவு தூரம் போய் அரங்கத்தையும் விடுதி அறையையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா?

விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே கணக்குப் பிரிவுக்குப் போனது நான் செய்த உருப்படியான காரியம். சொந்த நாள்களுக்கு விடுப்பு எழுத வேண்டும், தினப்படி கிடையாது, திரும்பும் கட்டணம் மாநாடு முடிந்த மறுநாள் கட்டணத்தைத் தாண்டினால் கூடுதல் பணம் என் கையிலிருந்து. சரி என்றேன். இரண்டு தேதிகளின் கட்டணத்தையும் ஒரே நாளில் பார்த்து அச்செடுத்துக்கொண்டேன். நான்கு நாள் கழித்துத் திரும்புவதுதான் மலிவாக இருந்தது!

ஜப்பான் விசாவுக்கு எந்த நாளில் எங்கே தங்குவோம் என்று நாள்வாரியாக எழுதித் தர வேண்டும். மாநாட்டோடு சுற்றும் ஊர்களையும் மறைக்காமல் எழுதினேன். ஆனால் விடுப்பு ஆணையில் ஒரு நாள் குறைந்திருந்ததை விண்ணப்பம் கொடுக்கும் இடத்தில்தான் கவனித்தேன். அதைத் திருத்தி வாங்க ஒரு வாரம் போயிற்று. அழைப்புக் கடிதம், விடுப்பு ஆணை, பயணத் திட்டம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதிகளை ஒப்பிட்டுவிடுங்கள்.

சுற்றுவதை மாநாட்டுக்குப் பிறகு வைத்துக்கொண்டேன். முன்னால் வைத்தால் கால் கோயிலில் இருக்கும், மனசு ஸ்லைடில் இருக்கும். மாநாட்டு மையம் சுரங்க ரயில் பாதையின் வடகோடியில். 1997இல் பருவநிலை மாற்றம் பற்றிய கியோட்டோ ஒப்பந்தம் நிறைவேறிய அதே கட்டடம். மூன்று நாளும் அங்கேயே கழிந்தன.

எல்லாரும் சொல்லும் ஏழு நாள் ஜேஆர் பாஸ் (ஜப்பான் முழுக்க ரயிலில் சுற்றும் சீட்டு) அந்த அக்டோபரில்தான் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகியிருந்தது. என் சுற்றுக்கு அது வீண். 17,000 யென்னுக்கு ஐந்து நாள் கன்சாய்-ஹிரோஷிமா பாஸ் எடுத்தேன். கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமாவுக்கு ஒருவழிக் கட்டணமே ஏறத்தாழ 11,000 யென் என்பதால் போய்வந்ததிலேயே பணம் தேறிவிட்டது. ஒரு சிக்கல்: கியோட்டோவுக்கும் ஷின்-ஒசாகா நிலையத்துக்கும் இடையே ஷின்கான்சென் அதிவேக ரயிலில் இந்த பாஸ் செல்லாது. அதுவரை சாதாரண விரைவு ரயிலில் போய் அங்கே மாற வேண்டும். பெரிய பெட்டியைக் கியோட்டோ விடுதியிலேயே விட்டுவிட்டு முதுகுப்பையோடு கிளம்பினேன். மாநாட்டில் மாட்டிய போஸ்டரைத் துணியில் அச்சடித்திருந்ததால் அதுவும் பெட்டிக்குள் மடிந்து கிடந்தது. காகிதப் போஸ்டரைச் சுருட்டி வைத்த குழாயைத் தூக்கிக்கொண்டு அலைந்த நண்பரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

முதலில் நாரா. தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தர் சிலைக்கு 752இல் கண் திறந்துவைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அப்புறம், அங்கே திரியும் மான்களுக்குக் கொடுக்கும் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள். மான்கள் சட்டையைக் கடிக்கும்.

ஹிரோஷிமாவுக்கு அரை நாள் ஒதுக்கியிருந்தேன், போதவில்லை. அருங்காட்சியகத்தில் 8.15க்கு நின்றுபோன கைக்கடிகாரத்தைக் கடந்து வந்துவிட்டேன். குண்டுவெடிப்பில் இறந்த ஒரு சிறு பிள்ளையின் துருப்பிடித்த மூன்று சக்கர சைக்கிள் முன்னால் கால் நகரவில்லை. வெளியே வந்து ஆற்றங்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று மாலை போக நினைத்த மியாஜிமா தீவை மறுநாளைக்குத் தள்ளினேன். அதுவும் நல்லதாயிற்று. கடல் வற்றும் நேரம் பார்த்துப் போனதால் தண்ணீருக்குள் நிற்கும் சிவப்புத் தோரண வாயிலின் அடிவரை நடந்தே போக முடிந்தது. ஜேஆர் படகின் கட்டணமும் அந்த பாஸிலேயே அடக்கம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கொஞ்சம் திண்டாட்டம்தான். காய்கறிச் சூப்பிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். உப்பில் ஊறிய புளிப்புப் பழம் வைத்த சோற்று உருண்டைதான் எனக்குக் கைகொடுத்தது. மாவடு கடித்துச் சோறு தின்ற மாதிரி இருந்தது.

ஊர் திரும்பிப் பயணப் பில்லைக் கொடுத்தேன். மாநாடு முடிந்து நான்கு நாள் கழித்து ஏன் விமானம் ஏறினீர்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். விடுப்பு ஆணையின் நகலை மூன்றாவது முறையாக இணைத்துக் கொடுத்தேன்.