ப்ளூ ஸ்கிரீன் வந்தால் ஆன்லைனில் எப்படிக் கேட்பது: ஒரு ரேம் கோளாறு பிடிபட்ட வழி

பக்க வடிவமைப்பு வேலைக்காக வைத்திருக்கும் அசெம்பிள்டு டெஸ்க்டாப். விண்டோஸ் 11. முதலில் 8 ஜிபி ரேம் ஒன்றுதான் இருந்தது. பிறகு இன்னொரு 8 ஜிபி போட்டோம். கொஞ்ச நாளில் ப்ளூ ஸ்கிரீன், அதாவது விண்டோஸ் திடீரென நின்றுபோய்க் காட்டும் நீல எரர் திரை, வர ஆரம்பித்தது. பிரவுசர் திறந்திருக்கும்போது வரும், பிடிஎஃப் எடுக்கும்போது வரும், சும்மா கிடக்கும்போதும் வரும். ஆன்லைனில் கேட்டுத்தான் இதைச் சரிசெய்தோம். அந்த வேலை எந்த வரிசையில் நடந்தது, எந்தத் தகவல் பயன்பட்டது என்பதைச் சொன்னால் இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு உதவும்.

ப்ளூ ஸ்கிரீன் என்றதும் பலரும் சொல்வது “ஃபார்மேட் போட்டுடலாம்” என்பதுதான். தயவுசெய்து உடனே போடாதீர்கள். கோளாறுக்கான தடயமெல்லாம் அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் பதிவாகியிருக்கும். ஃபார்மேட் அதை அழித்துவிடும். ரேம் கெட்டிருந்தால் புதிதாகப் போடும் விண்டோஸும் பழுதாகவே பதியலாம், அல்லது இன்ஸ்டால் பாதியில் நிற்கலாம்.

ஆன்லைனில் பதில் சொல்பவர் உங்கள் மெஷினைத் தொட முடியாது. நீங்கள் அனுப்புவதை மட்டும் வைத்துத்தான் அவர் யோசிக்க வேண்டும். அதனால் “டிரைவர் பிரச்சினை என்று நினைக்கிறேன், எந்த டிரைவர் போடலாம்?” என்று உங்கள் முடிவைக் கேள்வியாக்கக் கூடாது. அப்படிக் கேட்டால் டிரைவர் (ஒரு பாகத்தை விண்டோஸோடு இணைத்து இயக்கும் சாஃப்ட்வேர்) பற்றித்தான் பதில் வரும், கோளாறு அங்கேயே கிடக்கும். கண்ணால் பார்த்ததை எழுதுங்கள், காரணத்தை அவர்களிடம் விடுங்கள்.

முதலில் வேண்டியது மினிடம்ப் ஃபைல். ப்ளூ ஸ்கிரீன் வரும்போது என்ன நடந்தது என்ற விவரத்தை விண்டோஸ் ஒரு சின்ன ஃபைலாக சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் எழுதும். அந்த ஃபோல்டரே இல்லையென்றால் செட்டிங் மாறியிருக்கலாம். ஸ்டார்ட்டில் ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ தேடித் திறந்து, ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரிக்கவரி’ பகுதியின் செட்டிங்ஸில் ‘ஸ்மால் மெமரி டம்ப்’ (256 கேபி) தேர்வு செய்யுங்கள். அங்கேயே ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுத்துவிட்டால் நீலத் திரை அப்படியே நிற்கும், நிதானமாக போட்டோ எடுக்கலாம். பேஜ் ஃபைலை (ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைத்திருக்கும் ஃபைல்) யாராவது நிறுத்தி வைத்திருந்தால் டம்ப் பதிவாகாது. அதை சி டிரைவில் ‘சிஸ்டம் மேனேஜ்டு’ என்று வைக்க வேண்டும். கிளீனர் ஆப்களை ஓட்டாதீர்கள், அவை முதலில் அழிப்பவற்றில் இந்த டம்ப்களும் உண்டு.

அனுப்பும்போது ஒரு சிக்கல் வரும். மினிடம்ப் ஃபோல்டருக்குள்ளேயே ஜிப் செய்யப் போனால் பர்மிஷன் இல்லை என்று நிற்கும். ஃபைல்களை டெஸ்க்டாப்புக்கு காப்பி செய்து அங்கே ஜிப் பண்ணினால் போய்விடும். ஒன்றை மட்டும் அனுப்பாமல் இருப்பதையெல்லாம் அனுப்புங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அடுத்து ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’. அதைத் திறந்தால் மதர்போர்டு மாடல், பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே மெஷினைத் தொடங்கிவைக்கும் மதர்போர்டு சாஃப்ட்வேர்) வெர்ஷன், அதன் தேதி எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் ரேம் என்ன ஸ்பீடில் ஓடுகிறது, எத்தனை ஸ்லாட் (ரேம் செருகும் இடம்) நிரம்பியிருக்கிறது என்று காட்டும். ‘ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’யை நிறையப் பேர் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். எந்தத் தேதியில் சிவப்புக் குறி விழுந்தது, அன்றைக்கு என்ன அப்டேட், என்ன சாஃப்ட்வேர் ஏறியது என்று நாள்வாரியாகத் தெரியும். “எப்போதிலிருந்து?” என்ற கேள்விக்கு நினைவிலிருந்து சொல்வதைவிட இது நம்பகமானது.

விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் ‘கர்னல் பவர் 41’ என்ற எரர் வரிசையாக இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு எஸ்எம்பிஎஸ் (கரன்ட் கொடுக்கும் பெட்டி) மாற்றியவர்கள் ஏராளம். மெஷின் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. கரன்ட் போனாலும் வரும், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் வரும். காரணம் அதில் இல்லை.

நீலத் திரையில் (2025இல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 11இல் அது கறுப்பு) எரரின் பெயரான ஸ்டாப் கோடு இருக்கும். சில சமயம் அதன்கீழ் ‘வாட் ஃபெயில்டு’ என்று ஒரு ஃபைல் பெயரும் இருக்கும். அந்த வரியை எழுத்துப் பிசகாமல் டைப் செய்யுங்கள், போட்டோ மட்டும் போதாது. தேடுபவருக்கு எழுத்துதான் கிடைக்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனியின் அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நீலத் திரையில் தெரிந்த சிஎஸ்ஏஜென்ட் என்ற ஃபைல் பெயர்தான் கோளாறு எந்தச் சாஃப்ட்வேரில் என்று காட்டிக்கொடுத்தது.

எங்கள் கேள்வியின் தலைப்பு இப்படி இருந்தது: ‘இரண்டாவது ரேம் போட்ட பிறகு ப்ளூ ஸ்கிரீன், ஸ்டாப் கோடு ஒவ்வொரு முறையும் வேறு, விண்டோஸ் 11’. “ப்ளீஸ் ஹெல்ப், அர்ஜென்ட்” என்று தலைப்பு வைத்தால் விஷயம் தெரிந்தவர் திறக்காமலே போய்விடுவார். உள்ளே பிராசஸர், மதர்போர்டு, இரண்டு ரேமின் பார்ட் நம்பர், எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், எதை மாற்றிய பிறகு தொடங்கியது, இதுவரை என்ன செய்து பார்த்தோம், அதற்கு என்ன ஆனது என்று எழுதினோம். ரேமின் பார்ட் நம்பர் ஸ்டிக்கரில் இருக்கும். ‘8 ஜிபி டிடிஆர்4’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. பப்ளிக்காகப் போடுவதால் விண்டோஸ் பிராடக்ட் கீ, சீரியல் நம்பர், முழுப் பெயர் இருக்கும் யூசர் பெயர் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள்.

பதில் வந்தது. டம்ப்களைப் பார்த்தவர் சொன்னது இதுதான்: ஸ்டாப் கோடு ஒரு டம்ப்பில் மெமரி மேனேஜ்மென்ட், இன்னொன்றில் பேஜ் ஃபால்ட், வேறொன்றில் ஐஆர்க்யூஎல். குற்றம் சாட்டப்படும் ஃபைலும் ஒவ்வொன்றிலும் வேறு. எல்லா டம்ப்பிலும் ஒரே டிரைவரின் பெயர் வந்தால் அந்த டிரைவரைச் சந்தேகிக்கலாம். இப்படிச் சிதறி வந்தால் ரேமை முதலில் பார்க்க வேண்டும். எல்லா டம்ப்களையும் அனுப்பச் சொன்னது இதற்காகத்தான். டம்ப் படிக்கும் இலவச டூல்களில் பெரும்பாலும் விண்டோஸின் மையப் பகுதியான கர்னல் ஃபைலின் பெயர்தான் தெரியும். அது விபத்து நடந்த இடம், செய்த ஆள் பெரும்பாலும் வேறு.

சோதனைக்கு மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதிக்கும் சாஃப்ட்வேர். பென் டிரைவில் எழுதி அதிலிருந்து பூட் செய்ய வேண்டும்; பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும். பூட் செய்வதற்கு முன் ஒரு முக்கியமான வேலை: டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 48 இலக்க ரிக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பயாஸில் கை வைத்த பிறகு பிட்லாக்கர் அந்த நம்பரைக் கேட்கக்கூடும். கையில் இல்லையென்றால் ஃபைல் எதையும் திறக்க முடியாது.

மெம்டெஸ்ட்டின் இலவச வெர்ஷன் 4 பாஸ் (முழுச் சுற்று) வரை ஓடும். 16 ஜிபிக்குப் பல மணி நேரம் ஆகும், இரவில் போட்டுவிடுவது நல்லது. முதல் பாஸ் சுத்தமாக வந்தது என்று நிறுத்திவிடக் கூடாது. ஒரே ஒரு எரர் வந்தாலும் அது எரர்தான். ரேமில் ‘பரவாயில்லை’ என்ற கணக்கு கிடையாது. எங்களுக்குச் சிவப்பு வரிகள் வந்தன. அதை போட்டோ எடுத்து அதே கேள்வியின் கீழ் போட்டோம்.

பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமைக் கூடுதல் ஸ்பீடில் ஓட்டும் செட்டிங்) அணைத்து ஒருமுறை ஓட்டச் சொன்னார்கள். அப்போது எரர் நின்றால் ரேம் அந்த ஸ்பீடைத் தாங்கவில்லை, அல்லது இரண்டு ரேமும் சேர்ந்து ஒத்துப்போகவில்லை என்று பொருள். எங்களுக்கு நிற்கவில்லை. பிறகு ஒவ்வொரு ரேமாகத் தனியே. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தி மிச்சமுள்ள கரன்டை வெளியேற்றி, கேபினட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றினோம். தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்து, கிளிப் ‘டிக்’ என்று விழும்வரை அழுத்த வேண்டும். ஒரே ஸ்லாட்டில் பழைய ரேம்: சுத்தம். அதே ஸ்லாட்டில் புதிய ரேம்: எரர். அதோடு முடிக்காமல் பழைய ரேமை அடுத்த ஸ்லாட்டிலும் போட்டு ஓட்டினோம். அங்கேயும் சுத்தம் என்றதால் ஸ்லாட்டும் மதர்போர்டும் நல்லவை, ரேம்தான் கெட்டது என்று உறுதியானது. இந்தக் கடைசிச் சோதனையை விட்டுவிட்டுப் புது ரேம் வாங்கி, அதுவும் எரர் காட்டியபின் திகைப்பவர்கள் உண்டு.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்பதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பயாஸ் அப்டேட், டிரைவர் அப்டேட், ரேம் மாற்றம் மூன்றையும் ஒரே நாளில் செய்தால் எது சரிசெய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இடையில் “நானே சரிசெய்து தருகிறேன், எனிடெஸ்க் போடுங்கள்” என்று தனி மெசேஜ் வரும்; தூரத்திலிருந்து உங்கள் மெஷினை இயக்க விடும் ஆப் அது. போடாதீர்கள். ரேம் கோளாறை ரிமோட்டில் சரிசெய்யவே முடியாது. தேடலில் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ நம்பர்களும் பல போலி. கம்பெனியின் சொந்தத் தளத்தில் உள்ள நம்பரை மட்டும் எடுங்கள். பணம் போய்விட்டால் இந்தியாவில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே போன் செய்ய வேண்டும்.

கெட்ட ரேமைக் கழற்றியதும் வேலை முடியவில்லை. அது ஓடிய நாட்களில் டிஸ்க்கில் எழுதிய ஃபைல்களும் கெட்டிருக்கலாம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்த்துச் சீராக்கும் இரண்டு கமாண்டுகளை, முதலில் டிஐஎஸ்எம்மின் ரீஸ்டோர்ஹெல்த், பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்று ஓட்டினோம். இந்த வரிசைதான் சரி, எஸ்எஃப்சி எடுத்துப் போடும் மூல ஃபைல்களை டிஐஎஸ்எம் முதலில் சீராக்கிவிடும். பழைய பேக்கப் மேல் புது பேக்கப்பை எழுதாமல் தனியாக வைத்தோம்.

ரேம் வாரண்டிக்கு பில், சீரியல் நம்பர், மெம்டெஸ்ட் எரர் போட்டோ மூன்றும் வேண்டும். பல ரேம்களுக்கு நீண்ட கால வாரண்டி இருப்பதால் தூக்கி எறியாதீர்கள். மாற்றாக வந்த ரேமையும் 4 பாஸ் ஓட்டிப் பார்த்தோம். எந்த ரேம் கெட்டது, எந்தச் சோதனையில் தெரிந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்பதை அதே கேள்வியின் கீழ் எழுதி, ‘தீர்ந்தது’ என்று குறித்துவிட்டு, டம்ப் படித்துச் சொன்னவருக்கு நன்றி சொன்னோம்.