திரை விலகும் வரை: கோவூரிலிருந்து திருமலைக்கு நடை

சென்னையை அடுத்த கோவூரில் சுந்தரேஸ்வரரைத் தரிசித்து, சௌந்தராம்பிகையிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு கிளம்பினால் திருமலை ஏறக்குறைய 150 கிலோமீட்டர். சுந்தரேச முதலியாரின் விருந்தாளியாகத் தங்கிய தியாகய்யர் (தியாகராஜ சுவாமிகள்), இந்தச் சந்நிதியில் பஞ்சரத்தினம் என்னும் ஐந்து கீர்த்தனைகளைப் பாடிவிட்டு வேங்கடவனைச் சேவிக்கப் புறப்பட்டார். அவர் போனது பல்லக்கில் என்பார்கள். நேர்ந்துகொண்ட நமக்குக் கால்தான்.

திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், நாராயணவனம், புத்தூர் என்று ஐந்து நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் உற்சாகத்தில் 40 கிலோமீட்டர் நடப்பவர்களுக்குத்தான் மறுநாள் குதிகாலில் கொப்புளம். புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம். சாக்ஸ் வியர்வையில் நனைந்ததும் மாற்ற இன்னொரு ஜோடி, தொடை உராயும் இடத்துக்குத் தேங்காய் எண்ணெய். கொப்புளத்தின் தோலை உரித்தால் அதோடு நடை முடிந்தது. விடிகாலை 3 மணிக்குக் கிளம்பி 10 மணிக்குள் நிழலுக்கு ஒதுங்கிவிட வேண்டும். இருட்டில் வண்டிகள் எதிரே வரும் பக்கமாகவே நடக்க வேண்டும், முதுகிலும் மின்னும் பட்டை ஒட்டியிருக்க வேண்டும்.

நாகலாபுரத்தில் வேதநாராயணரைச் சேவிக்காமல் தாண்டாதீர்கள். இந்தக் காட்டுப் பகுதியில்தான் தியாகய்யரின் பல்லக்கைப் பார்த்துக் கள்வர்கள் கல்லெறிந்தார்களாம். ராமநவமி உற்சவத்துக்காக முதலியார் பல்லக்கில் ஒளித்து வைத்த பொன் சுவாமிகளுக்கே தெரியாது. ராமன் காரியப் பணமென்றால் ராமனே காக்கட்டும் என்று அவர் தர்பார் ராகத்தில் ‘முந்து வெனுக’ பாட, வில்லேந்திய இரண்டு வாலிபர்கள் துரத்தியதாகக் கள்வர்களே வந்து சொன்னார்களாம். இன்று அங்கே பயமெல்லாம் லாரிகளால்தான்.

திருப்பதியில் இறங்கியதுமே ‘சீக்கிர தரிசனம்’ என்று ஒட்டிக்கொள்ளும் புரோக்கர்களுக்கு முகம் கொடுக்காதீர்கள். அசல் ஆதார் கையில் இருக்கட்டும். நடைபாதை டோக்கன் தரும் இடமும் நேரமும் அடிக்கடி மாறுகின்றன, முந்தின நாளே விசாரியுங்கள். மலையடிவாரமான அலிபிரியில் மூட்டையை ஒப்படைத்துவிட்டால் மேலே வாங்கிக்கொள்ளலாம். சுமார் 3,550 படி. காலி கோபுரம் வரைதான் மூச்சு வாங்கும். மஞ்சள் குங்குமம் பூசி, கற்பூரம் உருகிய படிகள் வழுக்கும், ஓரமாக ஏறுங்கள். சமதரையில் கால் ஆறிப்போன பிறகு முழங்கால் முறிச்சான் என்னும் செங்குத்தான ஏற்றம் வரும். அதற்கு முன் உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம்.

மேலே ‘கூண்டு’ என்னும் வரிசை அறையில் மணிக்கணக்கில் காத்திருப்பு, இடி, தள்ளல். நைவேத்திய நேரத்தில் வரிசை நின்றுவிடும், முணுமுணுப்பும் கிளம்பும். சுவாமிகளுக்கும் இங்கே திரைதான் போட்டிருந்தது. அவர் கௌளிபந்து ராகத்தில் ‘தெர தீயக ராதா’ என்று கேட்டது, மனசுக்குள்ளே தொங்கும் மாச்சரியத் திரையை, அதாவது பொறாமைத் திரையை, விலக்க மாட்டாயா என்று. உண்ணும்போது சோற்றில் ஈ விழுந்த மாதிரி என்று அதிலேயே புலம்புகிறார். முன்னால் நிற்பவர்மேல் எரிச்சல் வரும்போது அதை நினைத்துக்கொள்ளலாம்.

ஜய விஜயரைத் தாண்டும்போதே பார்வையை நேரே உள்ளே வைத்துவிடுங்கள். வெளி வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு அந்த விளக்கொளி பழகச் சற்று நேரமாகும். கைகூப்பியதும் பழக்கத்தில் கண்ணை மூடுகிறவர்கள் அதற்குள் ‘ஜருகண்டி’ (நகருங்கள்) கேட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். முதலில் திருநாமம், அப்புறம் பாதத்தைக் காட்டும் அந்த வலக்கை. அவ்வளவுதான். கொப்புளம், வெயில், கூண்டு எதுவும் நினைவில் இல்லை. கோவிந்தா, ஏழுமலையானே, எங்கள் கணக்கில் இதற்கு என்ன புண்ணியம் இருந்ததப்பா!

திரை விலகிய பிறகு சுவாமிகள் மத்தியமாவதியில் பாடியது ‘வேங்கடேச நினு சேவிம்பனு’. உன்னைச் சேவிக்கப் பதினாயிரம் கண் வேண்டும் என்கிறார்.