மூன்று மாத்திரை நான்கான நாள்

காசநோய்ப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அழுத்திச் சொல்லிக் கொடுத்தது ஒரு விஷயம்தான். மாத்திரையை நடுவில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோயாக மாறிவிடும், இதை நோயாளியின் மனதில் பதிய வை. நானும் பல வருடம் அதையே சொன்னேன். பொய் இல்லை. ஆனால் ஏற்கெனவே பயந்து போயிருக்கிற ஒருவரிடம் அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குப் புரிய ஒரு பையன் வர வேண்டியிருந்தது.

வயது இருபத்தைந்து இருக்கும், டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை. வந்தபோது எடை 46 கிலோ, அந்த எடைக்குத் தினம் 3 மாத்திரை. மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணிக்கே போன். "அக்கா, ஒண்ணுக்கு சிவப்பா போகுது, ரத்தமா?" மாத்திரையில் இருக்கிற ரிஃபாம்பிசின் என்ற மருந்தைச் சாப்பிட்டால் அப்படித்தான் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படாதே என்றேன். மாத்திரை கொடுத்த அன்றே சொன்னதுதான், ஆனால் பயத்தில் இருப்பவர் காதில் அன்றைக்கு எதுவும் ஏறியிருக்காது. வீட்டில் அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். இந்த நோய் தட்டு வழியாகப் பரவாது, இருமும்போது காற்றில்தான் பரவும், மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில் அதுவும் பெரும்பாலும் அடங்கிவிடும் என்று அவன் அம்மாவிடம் சொன்னேன். தலையாட்டினார், தட்டை மாற்றவில்லை. அரசு தரும் ஊட்டச்சத்துப் பணத்துக்கு வங்கிப் புத்தகம் கேட்டால் தர மாட்டேன் என்றான், பேங்கில் சொந்தக்காரர் இருக்கிறாராம், தெரிந்துபோனால் தங்கச்சி கல்யாணம் நின்றுவிடுமாம்.

இரண்டு மாதம் முடிந்தது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, எடை 51. நான் சந்தோஷமாக அடுத்த கட்ட மாத்திரையைக் கொடுத்து அனுப்பினேன். முதல் கட்டத்தில் ஒரு மாத்திரைக்குள் நான்கு மருந்து, இதில் மூன்றுதான். ஆனால் எடை 50-ஐத் தாண்டியதால் தினம் 3 என்பது 4 ஆகிவிட்டது. இதை விளக்காமல் விட்டது என் தப்பு. கூட்டம் இருந்தது என்று சாக்கு சொல்லலாம்.

அவன் வீட்டுக்குப் போய் என்ன நினைத்திருக்கிறான் தெரியுமா? நோய் முற்றிவிட்டது, என்னிடம் மறைக்கிறார்கள், அதனால்தான் ஒரு மாத்திரை கூட. நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ராத்திரி வியர்வை. கடைசி இரண்டும் காசநோயின் அறிகுறியும் கூட, அதனால் அவனுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டி நிறுத்திவிட்டான். ஒன்பது நாள்.

நான் வீட்டுக்குப் போனபோது காலி மாத்திரை அட்டைகளை எடுத்து நீட்டினான். எண்ணிக்கை அச்சு அசலாகச் சரி. அவ்வளவு சரியாக இருந்ததுதான் உறுத்தியது. அவன் அம்மா ஒன்றும் பேசாமல் அரிசி டப்பாவைத் திறந்து ஒரு பாலித்தீன் பையை எடுத்து வைத்தார். உள்ளே 36 மாத்திரை. நான் வந்தால் காட்ட வேண்டும் என்று தினமும் நான்கைப் பிரித்து அதில் போட்டிருக்கிறான். 1950-களில் சென்னையில் காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தபோதும் ஆய்வாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரை எண்ணியிருக்கிறார்கள், சிறுநீரையும் சோதித்திருக்கிறார்கள். எண்ணிக்கையை மட்டும் நம்ப முடியாது என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

ஏன் எனக்குப் போன் பண்ணவில்லை என்று கேட்டேன். "விட்டா பெரிய நோயாயிடும்னு நீங்கதானே சொன்னீங்க. விட்டுட்டேன்னு எப்படிக்கா சொல்றது?"

அன்றிலிருந்து என் பேச்சை மாற்றிக்கொண்டேன். "ஒரு நாள் விட்டுப் போச்சுன்னா எனக்குச் சொல்லு, திட்ட மாட்டேன்" என்பதுதான் இப்போது முதல் வரி, மற்றதெல்லாம் அப்புறம். அவனை டாக்டரிடம் கூட்டிப்போனேன், மனநலப் பிரிவிலும் இரண்டு தடவை காட்டினோம். விட்ட ஒன்பது நாளைக் கடைசியில் சேர்த்துக்கொண்டோம்.

அதற்காக எல்லாப் படபடப்பையும் பயம் என்று தள்ளிவிடவும் கூடாது. இன்னொரு நோயாளி சூரை மீன் குழம்பு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகமெல்லாம் சிவந்து, தலைவலி, நெஞ்சு அடித்துக்கொண்டு ஓடி வந்தார். மனப்பிரமை என்று பக்கத்தில் ஒருவர் சிரித்தார். பிரமை இல்லை. அந்த மாதிரி மீனில் ஹிஸ்டமின் என்ற, அலர்ஜி மாதிரி அறிகுறிகளைக் கிளப்பும் பொருள் சேர்ந்திருந்தால், காசநோய் மாத்திரையில் இருக்கிற ஐசோநியாசிட் மருந்தைச் சாப்பிடுகிறவர் உடம்பு அதைச் சட்டென்று உடைக்காது. இலங்கை மருத்துவர்கள் பல வருடம் முன்பே எழுதி வைத்த விஷயம். மாத்திரை தொடர்ந்தது, சூரை மட்டும் நின்றது.

பையன் முழுதாக முடித்துவிட்டான். முடித்த மூன்றாம் நாள், அதே காலை ஐந்தரை மணி.

"அக்கா, ஒண்ணுக்கு வெள்ளையா போகுது. ஏதாவது கோளாறா?"