கலைப் பயணத்தை விடுங்கள், கிரீடத்தைக் கேளுங்கள்

தெருக்கூத்துக் கலைஞர்களைப் பேட்டி எடுக்கும் தம்பி தங்கைகளே, 'உங்கள் கலைப் பயணம் எப்படித் தொடங்கியது?' என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள். பலமுறை சொன்ன பதிலையே திரும்பச் சொல்வார்கள்.

கிரீடத்தைப் பற்றிக் கேளுங்கள். கல்யாண முருங்கைக் கட்டையில் ஏன் செதுக்குகிறார்கள்? (எடை குறைவு. விடிய விடியத் தலையில் சுமந்து ஆட வேண்டுமே!) கூத்தில் கதையை நடத்திச் சிரிக்கவும் வைக்கும் கட்டியங்காரன் உள்ளூர் வம்பைப் பாரதக் கதைக்குள் எந்த இடத்தில் நுழைப்பார்? அப்புறம் பாருங்கள், பேச்சு நிற்காது.

நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977-ல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியதற்குப் பின்னால் புரிசை கிராமத்துக் கூத்து இருந்தது. அந்த ஊர்க் கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரானிடம் நகரத்து நடிகர்கள் கூத்து கற்றார்கள். அது பேட்டியைவிட நீண்ட உரையாடல், உடம்பால் நடந்தது.

இன்னொன்று, கூத்து முடிந்த காலையில் போய் மைக்கை நீட்டாதீர்கள். பாவம், தூங்கட்டும்.