பென்ஷனை ஜப்தி செய்ய முடியுமா?

கடன் கொடுத்தவர் கேஸ் போட்டுத் தீர்ப்பும் வாங்கிவிட்டார், இனி மாதாமாதம் வரும் பென்ஷனையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து, கிராஜுவிட்டியாக வந்த பணத்தை மொத்தமாக எடுத்துக் கொடுத்துவிட்டு நிற்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது, அவர்களுக்குத்தான் அதை யாரும் சொல்வதில்லை.

1908-ஆம் வருடத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 60 என்று ஒன்று உண்டு. எதை ஜப்தி செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்வது அதுதான். பென்ஷன், கிராஜுவிட்டி, பி.எஃப்., பி.பி.எஃப். எல்லாம் தொடக்கூடாத பட்டியலில் இருக்கின்றன. தனியார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களையும் 1976 திருத்தத்தில் சேர்த்துவிட்டார்கள். இன்னொன்று, இந்தப் பாதுகாப்பு எனக்கு வேண்டாம் என்று கடன் பத்திரத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது செல்லாது என்று அதே பிரிவு சொல்கிறது.

சரி, பணம் கைக்கு வந்து டெபாசிட்டில் போட்ட பிறகு? இதில்தான் ரொம்ப நாள் குழப்பம் இருந்தது. ராதே ஷியாம் குப்தா வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஓய்வூதியப் பலன்களை வாங்கி ஃபிக்சட் டெபாசிட்டாக மாற்றினாலும் அதன் தன்மை மாறாது, ஜப்தி செய்யக்கூடாது.

ஆனால் அது ஓய்வூதியப் பணம்தான் என்று காட்ட வேண்டியது நீங்கள். என் மாமா நண்பர் ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார், நண்பர் கட்டவில்லை, ஒரு நாள் மருந்து வாங்க ஏ.டி.எம்.முக்குப் போனபோதுதான் கணக்கு முடக்கப்பட்டதே தெரிந்தது. பென்ஷன் வரும் கணக்கிலேயே மாடி வீட்டு வாடகையும் விழுந்துகொண்டிருந்தது. எது பென்ஷன், எது வாடகை என்று பாஸ்புக்கில் ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் குறித்து, பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) நகல், கிராஜுவிட்டி ஆணை, அந்தப் பணத்தில் போட்ட டெபாசிட் ரசீது எல்லாவற்றையும் வைத்து வக்கீல் மனுப் போட்ட பிறகுதான் கணக்கு திறந்தது. வாடகைப் பணம் போனது போனதுதான். அதனால் பென்ஷனுக்கென்று தனிக் கணக்கு வையுங்கள், அதில் வேறு ஒரு ரூபாய்கூட விழ வேண்டாம்.

அப்புறம், சம்மன் வந்தால் வாங்குங்கள், கோர்ட்டுக்குப் போங்கள். வாங்காமல் திருப்பி அனுப்பினால் கேஸ் நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிற்காது, நீங்கள் இல்லாமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிடும். அதை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட 30 நாள்தான் அவகாசம். ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று மிரட்டினாலும் நம்ப வேண்டாம். கட்ட வழியில்லாதவரைக் கடனுக்காகச் சிறையில் வைக்கக்கூடாது என்று 1980-லேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று.

எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. வீட்டை வங்கியில் அடமானம் வைத்திருந்தால் அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்ற வழி செய்யும் 2002-ஆம் வருடத்து சர்ஃபாசி சட்டப்படி வீடு போகலாம். மனைவிக்குத் தர வேண்டிய ஜீவனாம்சத்துக்கு, பென்ஷன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, முடியவும் கூடாது. பென்ஷன் வரும் வங்கியிலேயே கடன் வாங்கி, தவணையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தால் அதை எதிர்ப்பது கஷ்டம். ஜாமீன் கையெழுத்தோ, கேட்கவே வேண்டாம். கடன் வாங்கியவரை விட்டுவிட்டு நேராக உங்களிடமே வரலாம்.

வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள். இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், பெண்களுக்கு வருமான வரம்புகூடக் கிடையாது. போகும்போது பி.பி.ஓ.வையும் பாஸ்புக்கையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.