யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? இவாஞ்சலியன், மூன்றாவது சுற்று

நியான் ஜெனசிஸ் இவாஞ்சலியன் என்ற ஜப்பானிய அனிமே தொடரை மூன்றாவது தடவையாகப் பார்த்து முடித்தேன். 1995 அக்டோபரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய 26 அத்தியாயங்கள், பிறகு 1997-இல் வந்த படம். கதையின் முடிச்சுகளெல்லாம் கீழே அவிழ்ந்து கிடக்கின்றன. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், நான் எங்கேயும் போகப் போவதில்லை.

முதல் இரண்டு சுற்றிலும் கதைக்குப் பின்னால்தான் ஓடினேன். தாக்க வரும் ஏஞ்சல் என்றால் என்ன, யாருடைய சதி, அதோடு மோதும் ராட்சத இயந்திரத்துக்குள் இருப்பது யார் என்று. இந்தத் தடவை அதையெல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டு மனிதர்களை மட்டும் பார்ப்பது என்று ஒரு எண்பது பக்க நோட்டு வாங்கினேன். நடுப்பக்கத்தில் அந்த இயந்திரத்தை ஓட்டும் சிறுவன் ஷிஞ்ஜி, சுற்றிலும் மற்றவர்கள், நடுவில் அம்புக்குறிகள். பாசம், வெறுப்பு, பொறாமை என்று அம்புக்கு ஒரு பெயர். நாலாவது அத்தியாயத்திலேயே புள்ளி தப்பிய கோலம் மாதிரி ஆகிவிட்டது. எட்டாவதில் இன்னொரு விமானியான அஸ்கா கப்பலில் வந்து இறங்கும்போது அவளை வைக்கப் பக்கத்தில் இடமில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், ‘வெறுப்பு’ என்று எழுதிய கோட்டின் மேலேயே இரண்டு அத்தியாயம் கழித்து ‘பாசம்’ என்று எழுத வேண்டியிருந்தது.

பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு வாரம் பெயர்களைத் துருவினேன். மிசாட்டோ, ரிட்சுகோ, ரெய், அஸ்கா ஆகியோரின் குடும்பப் பெயர்களான கட்சுராகி, அகாகி, அயநாமி, சோர்யு எல்லாம் இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானியக் கடற்படைக் கப்பல்களின் பெயர்கள். அகாகியும் சோர்யுவும் 1942-இல் மிட்வே சண்டையில் மூழ்கியவை. ஷிஞ்ஜியின் குடும்பப் பெயரான இகாரி என்றால் நங்கூரம். சுவாரசியம்தான். ஆனால் இது தெரிந்ததால் யாரைப் பற்றியும் புதிதாக ஒன்றும் புரியவில்லை. அந்த வாரம் வீண்.

வழி கிடைத்தது தற்செயலாக. அதுவரை ஆங்கிலக் குரலில் பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு நாள் ஜப்பானிய ஒலிக்கு மாறினேன். ஷிஞ்ஜி தன் மேலதிகாரியை அழைக்கும்போது வசனத்தில் ‘மிசாட்டோ-சான்’ என்று கேட்கிறது, கீழே எழுத்தில் வெறும் மிசாட்டோ என்று ஓடுகிறது. மரியாதைக்கு ஒட்டும் அந்த ‘சான்’ எங்கே போனது? நமக்கு இது பழகிய விஷயம். வாடா, வா, வாங்க என்ற மூன்றில் ஒருவர் எதைச் சொல்கிறார் என்பதை வைத்தே பாதி உறவைக் கண்டுபிடித்துவிடுவோம். என் அம்மா என்னை “வாங்க சார்” என்று வரவேற்றால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று அர்த்தம். எனவே அம்புக்குறியைத் தூக்கியெறிந்துவிட்டு நோட்டில் கட்டம் போட்டேன். யார், யாரை, எந்தச் சொல்லால் அழைக்கிறார்கள். அவ்வளவுதான்.

முதலில் மாட்டியவர் காஜி. எல்லாப் பெண்களிடமும் வழிகிற ஆள், விஞ்ஞானி ரிட்சுகோவை ‘ரிச்சான்’ என்று செல்லமாகக் கூப்பிடுகிறார். ஆனால் கல்லூரிக் காலத்தில் காதலித்துச் சேர்ந்தே வாழ்ந்த மிசாட்டோவை மட்டும் ‘கட்சுராகி’ என்று குடும்பப் பெயரால்தான் அழைக்கிறார். சாவதற்கு முன்னால் தொலைபேசியில் பதிவுசெய்து வைக்கும் செய்தியும் ‘கட்சுராகி, நான்தான்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. செல்லப் பெயரெல்லாம் ஒட்டாதவர்களுக்கு. ஒட்டியவளுக்கு மாணவப் பருவத்தில் கூப்பிட்ட அதே பெயர். ரிட்சுகோவின் கட்டத்தில் 13-ஆம் அத்தியாயத்துக்காக ஒரே ஒரு குறிப்புதான் இருக்கிறது: இறந்துபோன அம்மாவின் ஆளுமையைப் பதித்த கணினிக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு, அதைப் பார்த்து ‘அம்மா’ என்கிறாள்.

அஸ்காவுக்கு இரண்டு பக்கம் போய்விட்டது. ஷிஞ்ஜி அவளுக்கு ‘பாகா ஷிஞ்ஜி’, அதாவது மக்கு ஷிஞ்ஜி. ரெய் ‘ஃபர்ஸ்ட்’, முதல் விமானி என்ற எண்ணால். கோபம் வந்தால் ‘முதல் மார்க் மாணவி’ என்று குத்தலாக. பெயரைச் சொன்னால் எதையோ இழந்துவிடுவோம் என்கிற மாதிரி. ஆனால் 12-ஆம் அத்தியாயத்தின் கடைசிக் காட்சியை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். உயிரோடு திரும்பினால் ஸ்டேக் வாங்கித் தருவதாக மிசாட்டோ சொல்லியிருக்கிறாள். ரெய் கறி தின்ன மாட்டாள். கடைசியில் எல்லோரும் உட்கார்ந்திருப்பது தெருவோர ராமென் (நூடுல்ஸ் சூப்) கடையில். ராமென் என்றால் ரெய்யும் வருவாள் என்று சொன்னது யார்? அஸ்காதான், அதுவும் மிசாட்டோவின் பர்ஸ் நிலைமை தெரியும் என்ற சாக்கோடு சேர்த்து. ரெய் பூண்டு ராமென் கேட்கிறாள், கறி வேண்டாம் என்று. அஸ்கா சுறாத்துடுப்பு, கறி, எல்லாம் போட்டுப் பெரிய கிண்ணமாக ஆர்டர் செய்கிறாள். கூப்பிடும் சொல்லில் மரியாதை துளியும் இல்லை. ஆனால் அவள் சாப்பிட என்ன கிடைக்கும் என்று யோசித்தது இவள் ஒருத்திதான். என் கட்டத்தில் இதற்கு இடமில்லாததால் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

22-ஆம் அத்தியாயத்தில் இதே இரண்டு பேரும் லிஃப்டில் நிற்கிறார்கள். ஏறக்குறைய 50 விநாடிக்கு யாரும் அசைவதில்லை, பேசுவதில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று முதல் தடவை ரிமோட்டைத் தேடியவன் நான். இப்போது பார்த்தால், ஒருத்தியை ஒருத்தி அழைக்க இவர்களிடம் உருப்படியான சொல்லே கிடையாது.

24-ஆம் அத்தியாயத்தில் புது விமானியாக நாகிசா கவொரு வருகிறான். ஷிஞ்ஜி அவனைக் குடும்பப் பெயரோடு பையன்களுக்கு ஒட்டும் ‘குன்’ சேர்த்து ‘நாகிசா-குன்’ என்று தயங்க, அவன் “கவொரு என்றே சொல்” என்கிறான். உடனே ஷிஞ்ஜி, தடுமாறிக்கொண்டு, “என்னையும் ஷிஞ்ஜி என்றே...” என்கிறான். 24 அத்தியாயத்தில் ஷிஞ்ஜி தன் பெயரைத் தானாக எடுத்துக் கொடுப்பது இங்கேதான் என்று குறித்திருக்கிறேன். அந்த அத்தியாயம் முடிவதற்குள், ஏஞ்சல் என்று தெரியவந்ததால், அந்தப் பெயரை வாங்கியவனைத் தன் கையாலேயே கொல்ல வேண்டியிருக்கிறது. கவொரு அவனிடம் சொல்லும் ‘சுகி’ என்ற சொல்லுக்காக 2019-இல் புது ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபோது ரசிகர்கள் அடித்துக்கொண்டார்கள். அது லவ்வா, லைக்கா? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ‘உன்னைப் பிடிச்சிருக்கு’ என்று தமிழில் போட்டுவிட்டால் சண்டையே இல்லை. நட்பா காதலா என்று கேட்பவர் தலையில் அந்தக் கேள்வியை அப்படியே திருப்பி வைத்துவிடும் சொல் அது.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. இரண்டாவது அத்தியாயத்தில் மிசாட்டோ வீட்டுக்குள் ஷிஞ்ஜி ‘தொந்தரவுக்கு மன்னிக்கணும்’ என்று விருந்தாளி மாதிரி நுழைகிறான். இது உன் வீடு என்கிறாள் அவள். அப்புறம் தயங்கித் தயங்கி ‘ததைமா’ என்கிறான், வீடு திரும்பியவன் சொல்வது. அவள் பதிலுக்கு, வந்தவனை வரவேற்கும் ‘ஒகாயெரிநசாய்’ என்கிறாள். நாம் வீட்டுக்குள் நுழைந்தால் என்ன சொல்கிறோம்? செருப்பைக் கழற்றிக்கொண்டே “அம்மா, காபி” என்பதுதான் நம்முடைய ததைமா. நாலாவதில் ஓடிப்போகப் பார்த்து, ரயில் ஏறாமல் நிலையத்திலேயே நின்றவன் மறுபடியும் அதே சொல்லைச் சொல்கிறான். நேர்ச்சொல் தேடிப் பார்த்துவிட்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். ஆனால் கிளம்பும்போது சொல்வது அப்படியே நம்முடையது, ‘இத்தே கிமஸ்’: போய், வருகிறேன். 1997 படத்தில் குண்டடி பட்ட மிசாட்டோ அவனை லிஃப்டில் தள்ளும்போது அதற்கான பதிலைச் சொல்கிறாள். போயிட்டு வா. அவன் வரும்போது தான் இருக்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே.

மிச்சம் இருந்தது ரெய். அவளுக்கு இரண்டு இகாரி. ஷிஞ்ஜியின் அப்பா கெண்டோ ‘இகாரி ஷிரெய்’, தளபதி. மகன் ஷிஞ்ஜி ‘இகாரி-குன்’. பெயர் ஒன்றுதான், வால் மட்டும் வேறு. ஆறாவது அத்தியாயத்தில் அவள் இயந்திரத்தின் சூடான கதவைக் கையால் திறந்து தன்னைக் காப்பாற்றிய ஷிஞ்ஜியின் முகத்தில் அவளுக்குக் கெண்டோவின் முகம் தெரிகிறதே, அதையே அவள் வாய் முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறது. படத்தில் கெண்டோ ‘கொஞ்சம் பொறு’ என்று கெஞ்சும்போது அவள் சொல்வது: “முடியாது. இகாரி-குன் கூப்பிடுகிறான்.” எதிரில் நிற்பவனும் இகாரிதான். ஒரே ஒரு ‘குன்’ போட்டு அவனை விலக்கிவிடுகிறாள். ஆங்கில எழுத்தில் இதில் பாதிகூட இல்லை.

நோட்டில் அந்த வசனத்தைத் தமிழில் எழுத இரண்டு நாள் போராடினேன். ‘கூப்பிடுறான்’ என்றால் ரொம்ப நெருக்கம், ரெய் அப்படிப் பேச மாட்டாள். ‘கூப்பிடுறார்’ என்றால் மாமனாரைச் சொல்வது போல. மதுரைக்கார நண்பனிடம் புலம்பினேன். “இதுக்கென்னப்பா, ‘இகாரி கூப்பிடுறாப்ல’ன்னு போடு” என்றான். அசந்துபோனேன். அவனும் இல்லை, அவரும் இல்லை, ‘குன்’ உட்கார்ந்திருக்கும் அதே நடுப்படி. எழுதி, ரெய் குரலில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி இருந்தது. பென்சிலால்தான் எழுதியிருந்தேன், அழிக்கவில்லை.