கலிபெட்டியில் ஒரு வெள்ளைக் கதிர்

பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநகரின் தென்கோடியில், பரேலேய்ரோஸ் பக்கம், தெனொந்தே பொரா என்ற குவாரனி பழங்குடி நிலம் இருக்கிறது. அதற்குள் 2013-ல் ம்பியா என்ற பிரிவைச் சேர்ந்த குவாரனிகள் மீண்டும் குடியேறிய ஊர்தான் கலிபெட்டி. முன்பு யூகலிப்டஸ் தோப்பாக இருந்த இடம், ஊர்ப் பெயரும் அதிலிருந்தே வந்தது. அந்தச் சத்தற்ற மண்ணைத் தேற்றித்தான் பழைய மக்காச்சோளத்தையும் சர்க்கரைவள்ளியையும் மீட்டிருக்கிறார்கள். பார்க்கப் போகிறவர்கள் ஊராரிடம் முன்பே கேட்டுக்கொண்டு போவதே முறை.

இவர்களுடைய மக்காச்சோளத்தின் பெயர் அவாஷி எதேயி, அதாவது 'உண்மையான சோளம்'. வெள்ளை, மஞ்சள், பல நிறம் கலந்தது என்று வகைகள் உண்டு. குளிர்காலம் விலகி 'அரா பியாவு' என்னும் புதுக்காலம் பிறந்ததும் விதைப்பு தொடங்கும். கூர்முனைக் கம்பால் குழி போட்டு, குழிக்கு மூன்று முதல் ஐந்து விதை. தேய்பிறையில்தான் ஊன்றுவார்கள், வளர்பிறையில் ஊன்றினால் கதிரில் வண்டு விழும் என்பது நம்பிக்கை. அறுத்த கதிரை உரிக்காமல் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார்கள். புகை ஏறி ஈரம் வற்றினால் வண்டு அண்டாது. விதைக்கிடங்கு என்று தனியாக ஏதும் இல்லை, அடுப்படிதான் கிடங்கு.

இந்தச் சோளத்தைக் காப்பதற்குச் சாப்பாட்டைவிடப் பெரிய காரணம் நேமொங்கரை. கோடை விளைச்சலை ஒட்டி ஓப்பி என்ற தொழுகைக் குடிலில் நடக்கும் சடங்கு அது. சோளமாவைச் சுட்ட ம்போஜப்பே ரொட்டியைப் பெண்கள் கொண்டுவந்து வைப்பார்கள். நடை பழகும் குழந்தையின் உயிர் எந்தத் தெய்வத்தின் இருப்பிடத்திலிருந்து வந்தது என்பதை ஊர் மூத்தவர் உணர்ந்து, அதற்கேற்ற பெயரைச் சொல்வார். கடையில் வாங்கிய சோளம் இதற்கு ஆகாது. அதனால் விதை போவதென்பது இவர்களுக்கு ஒரு பயிர் போவதோடு நிற்பதில்லை.

அந்த விதைக்கு ஆபத்து காற்றில் வருகிறது. மக்காச்சோளம் காற்றில் மகரந்தம் சேர்க்கும் பயிர். மரபணு மாற்றச் சோளத்துக்கும் அடுத்த வயலுக்கும் நடுவே 100 மீட்டர் விட்டால் போதும் என்கிறது பிரேசிலின் 2007 விதி. பரம்பரை விதை காப்பவர்களுக்கு அது போதவே போதாது; மகரந்தம் அதற்கு அப்பாலும் போகும். இடம் இல்லாதவர்கள் விதைப்பையே மூன்று நான்கு வாரம் தள்ளிப்போட்டு, இரண்டு வயலும் ஒரே நேரத்தில் பூக்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

மகரந்தம் கலந்துவிட்டதைக் கண்டுபிடிக்க அடுத்த போகம் வரை காத்திருக்க வேண்டாம். வெள்ளைக் கதிரை உரித்தால், அந்நிய மஞ்சள் சோளத்தின் மகரந்தம் பட்ட இடத்தில் மட்டும் மஞ்சள் மணி தெரியும். பல நிறக் கதிரில் அது ஒளிந்துகொள்ளும். ஆகவே வெள்ளையைத்தான் முதலில் உரிக்க வேண்டும்.